படத்தைக் காட்டி மிரட்டினால்...

உங்கள் படத்தையோ பிள்ளையின் படத்தையோ ஆபாசமாக மாற்றி, ‘பணம் போடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்’ என்று மிரட்டுகிறார்களா?

1. பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள்.

2. பதற்றத்தில் சாட் செய்திகளை அழிக்காதீர்கள். எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்ஸ்டாகிராம் என்றால் கணக்கின் லிங்க்கையும் எடுத்து வையுங்கள். நீங்கள் புகார் கொடுப்பதற்குள் கணக்கையே மூடிவிடக்கூடும். பிளாக் செய்வதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

3. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் பெயரோடு கொடுப்பதே நல்லது. அப்போதுதான் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

4. ‘எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையத்தில் கைவிரித்தால், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதியக்கூடிய ‘ஜீரோ எஃப்ஐஆர்’ போடச் சொல்லுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) சட்டத்தின் 173-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

5. 18 வயது நிரம்பாதவர் படமா? ‘இதைப் பாருங்கள்’ என்று சொந்தக்காரருக்குக்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யின்படி பகிர்வதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், ‘போனை ஏன் தொட்டாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் முழுவதையும் கேளுங்கள்.