அடுக்காளிகள்: நிறுவுதலும் பேணுதலும்

கல்விக்கூடமொன்றின் சிறப்பை அதன் கட்டடங்களாலும் பரீட்சைப் பெறுபேறுகளாலும் அளப்பது மரபு. இற்றை நாளில் கணினிக் கூடமும் அவ்வளவுகோல்களுள் ஒன்றாயிற்று. வரிசையாக வீற்றிருக்கும் கணினிகளைக் கண்டு மகிழ்வோர் பலர். அவற்றையெல்லாம் இணைத்துக்கொண்டு மூலையிலே நிற்கும் சிறு பெட்டியை நோக்குவோர் சிலரே. அப்பெட்டி சோர்ந்தால் கூடம் முழுவதும் சோரும். அதனை எங்ஙனம் நிறுவுவது, எங்ஙனம் பேணுவது என்பவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழாசிரியராகிய எமக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். ஒரு கருவியைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளாத சமூகம், அது பழுதுறும்போது பிறர் வரவை எதிர்நோக்கி வாளாவிருக்கும். ஆதலின் இப்பொருளைத் தமிழிற் சொல்லுதலும் தமிழாசிரியர் கடனேயென்பது எம் துணிபு.

ஆளியும் துறையும்

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற் பாடம். சுவரிலுள்ள மின்னாளியை யாவரும் அறிவர்; அது மின்னை விடும், அல்லது தடுக்கும். வலையமைப்பில் ஆளி எனப்படும் சுவிச் வேறு தொழில் புரிவது. அதன் முகத்திலே கேபிள் செருகுதற்குரிய வாய்கள் உள. அவற்றைத் துறை என்கின்றோம். ஓர்ஸ் ஹில்லில் வாழும் நமக்குத் துறையென்னும் சொல்லுக்குப் பொருள் உரைக்க வேண்டுவதில்லை. கப்பலுக்கு ஒரு துறை போலக் கணினிக்கும் ஒரு துறை.

ஒவ்வொரு கணினிக்கும் மாக் முகவரியென ஓர் எண் உண்டு. எந்த முகவரி எந்தத் துறையில் உள்ளதென ஆளி நினைவில் வைத்து, வருஞ்செய்தியை அத்துறைக்கு மாத்திரம் அனுப்பும். இதற்கு முன் வழங்கிய குவியனோ, ஒருவருக்கு வந்த கடிதத்தை ஊர் கேட்க உரத்து வாசிப்பவனைப் போல, எல்லாச் செய்தியையும் எல்லாத் துறைக்கும் அனுப்பியது.

இவற்றுக்கு அடிப்படையான ஈதர்நெற் முறையை 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செறொக்ஸ் ஆய்வுநிலையத்தில் றொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் என்போர் உருவாக்கினர். ஈதர்நெற்றுக்குரிய முதல் ஆளியை 1990இல் வெளியிட்டது கல்பனா என்னும் நிறுவனம். இந்திய வமிசத்தவரான வினோத் பரத்வாஜ் அதன் நிறுவுநருள் ஒருவர். தம் மனைவியார் பெயரையே அதற்குச் சூட்டினார். அவ்வாளிக்கு இருந்த துறைகள் 7. 1994இல் அந்நிறுவனத்தைச் சிஸ்கோ நிறுவனம் வாங்கியது.

அடுக்குதல் எதற்கு?

இன்றைய ஆளிகள் பெரும்பாலும் 24 அல்லது 48 துறைகள் உடையன. 20 கணினிகள் உள்ள கூடத்துக்கு ஓர் ஆளியே போதும்; அங்கே அடுக்குதல் வீண் செலவு. கணினிகள் பெருகும்போது இரண்டாம், மூன்றாம் ஆளிகள் வேண்டப்படும். அவற்றைச் சாதாரணக் கேபிளால் இணைக்கலாம். ஆயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆள வேண்டும். எல்லாப் போக்குவரத்தும் ஒரு சிறு கேபிளின் வழியே நெருக்கிச் செல்லும்.

இக்குறையைத் தீர்ப்பதே அடுக்கு முறை. ஆளிகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து, முதுகுப்புறத்திலே அடுக்குக் கேபிளாற் பிணைத்தால் அவை ஓர் ஆளி போல இயங்கும். முகவரி ஒன்று, கடவுச்சொல் ஒன்று. 2003இல் சிஸ்கோ வெளியிட்ட 3750 வகையில் 9 ஆளிகள் வரை அடுக்கலாம். பிணைப்பின் வேகம் செக்கனுக்கு 32 கிகாபிற். கடைசி ஆளியிலிருந்து முதலாளிக்கும் ஒரு கேபிளை மீட்டுக் கட்டி வளையமாக்குதல் வேண்டும். வளையத்தில் ஓரிடம் அறுந்தால் வேகம் பாதியாகும்; ஆயினும் செய்தி மறுவழியே சுற்றிச் சென்று சேரும்.

தலைமை

அடுக்கிலே ஓர் ஆளி தலைமை தாங்கும். சிஸ்கோ ஆளிகளில் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம். பெரிய எண் உடையது தலைமை பெறும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் 1. அவற்றை அப்படியே விட்டுவிட்டால், பிற தகுதிகளும் சமமாயிருக்குமிடத்து, மாக் முகவரி சிறியதே தலைமையேற்கும். சிறிய முகவரி பெரும்பாலும் பழைய கருவிக்கே உரியதாதலால், தளர்ந்தவன் தலையிற் பாரம் ஏறும். ஆகவே நல்ல ஆளிக்கு 15உம், அதற்கு அடுத்ததற்கு 14உம் கொடுத்துவிடுக.

நிறுவும் முறை

முதலாவதாக, எல்லா ஆளிகளும் ஒரே நிறுவனத்தின் ஒத்த வகையினவா, அவற்றின் நிலைப்பொருள் ஒரே பதிப்பா எனப் பார்க்க. பதிப்பு மாறுபட்டால் புதியது அடுக்கிற் சேர மறுக்கலாம். இரண்டாவதாக, மின்னை நிறுத்திவிட்டுக் கேபிள்களைப் பிணைத்து வளையத்தை மூடுக. மூன்றாவதாக, தலைமைக்குரிய ஆளியை முதலில் இயக்கி, அது முற்றாக எழுந்தபின் ஏனையவற்றை ஒவ்வொன்றாக இயக்குக. நான்காவதாக, ஒவ்வோர் ஆளியின் உறுப்பெண்ணையும் அதன் நெற்றியில் எழுதி ஒட்டுக. அமைவு முழுவதும் அவ்வெண்ணைப் பற்றியே நிற்கின்றது. ஐந்தாவதாக, அமைவைச் சேமித்து அதன் பிரதியொன்றை வேறிடத்தில் வைக்க. சேமியாத மாற்றம் மின் நின்றதும் மறைந்துவிடும்.

பின்னர் ஓர் ஆளியைச் சேர்க்க நேரின், அதனை மின் நிறுத்திய நிலையிலேயே பிணைத்து, அதன் பின் இயக்குக. இயங்கிக்கொண்டிருக்கும் இரண்டு ஆளிகளை இணைத்தால் தலைமைப் போட்டி மீண்டும் எழும். தோற்ற பக்கம் தன்னை மறுபடி தொடக்கிக்கொள்ளும். வகுப்பு நடுவிலே நின்றுவிடும்.

பேணும் முறை

வளையம் ஈரிடத்தில் அறுந்தால் அடுக்கு இரண்டாகப் பிளக்கும். இரு பகுதியும் ஒரே முகவரிக்கு உரிமை கோர, குழப்பம் விளையும். அந்நிலையில் ஒரு பகுதியின் மின்னை நிறுத்தி, கேபிளைச் செப்பனிட்டு, மீண்டும் இயக்குதலே வழி. பழுதான ஆளிக்குப் பதிலாக அதே வகை ஆளிக்கு அதே உறுப்பெண் கொடுத்துச் சேர்த்தால், துறைகளின் அமைவைத் தலைமையாளியே அதற்கு வழங்கிவிடும்.

மாணாக்கர் ஒருவர் கேபிளொன்றின் இரு முனைகளையும் இரண்டு துறைகளிற் செருகிவிடுதல் கூடும். அப்போது செய்தி ஓயாது சுழன்று பெருகி வலையமைப்பை முடக்கும். இதனைத் தடுக்கும் வழியை 1985இல் றேடியா பேள்மன் அம்மையார் வகுத்தார். அக்காப்பு ஆளியினுள் உண்டு. அதனை ஒருபோதும் நிறுத்தற்க.

நமது ஊருக்குச் சிறப்பாக வேண்டுவன சில உள. உப்புக் காற்று செப்பு முனைகளை அரிக்கும். ஆதலாற் பெட்டியை மூடிய அறையில், சன்னலுக்கு விலக்கி வைக்க. பல ஆளிகளுக்கு வெப்ப எல்லை 45 பாகை செல்சியசு. ஓடடியிலே உச்சியில் வைத்தல் ஆகாது. இடிமின்னற் காலத்திற் கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் இழுத்தல் ஆபத்து. அவ்விடத்துக்கு மின் கடத்தாத கண்ணாடி இழையே உகந்தது. செப்புக் கேபிளுக்கு 100 மீற்றர் எல்லையும் உண்டு. நிலைப்பொருளைப் புதுப்பிக்கும்போது அடுக்கு முழுவதும் ஓய்ந்து எழ வேண்டியிருத்தலின், அதனை விடுமுறைக்கு ஒதுக்குக. பரீட்சைக்கு முதல் வாரத்தில் தொடாதிருக்க.

கருவியும் கொப்பியும்

அயல்நாடுகளிலிருந்து பழைய மாணவர் அன்போடு அனுப்பிய கருவிகள், கடவுச்சொல் அறிந்த ஒரே ஆசிரியர் இடமாற்றம் பெற்றதும் ஊமையாகிவிடுதல் நம் பாடசாலைகளுக்குப் புதிய செய்தியன்று. கொடுத்தவர் கொடுத்தேன் என்றிருப்பார். பெற்ற பிள்ளை பயனின்றி நிற்கும். இதற்கு மருந்து ஒரு கொப்பி. ஆளிகளின் வகை, உறுப்பெண், எத்துறையில் எக்கணினி, எந்நாளில் என்ன மாற்றம், செய்தவர் யார் என்பவற்றை அதில் எழுதுக. கடவுச்சொல்லை உறையிலிட்டு அதிபரின் பெட்டகத்தில் வைக்க.

பழைய மாணவர்காள், ஆளி வாங்கப் பணம் அனுப்புவோர் அடுக்குக் கேபிளுக்கும் ஓர் உபரி ஆளிக்கும் சேர்த்து அனுப்புக. ஆசிரியர்காள், இவ்வேலையை ஒருவர் அறிந்திருத்தல் போதாது, இருவரேனும் அறிக. மாணாக்கர்காள், கேபிளைப் பிடுங்குமுன் கொப்பியைப் பார்க்க. பிடுங்கியபின் அதில் எழுதுக. இவ்வளவும் கைகூடின், இன்று நிறுவிய அடுக்கு அடுத்துவரும் பல வகுப்பினருக்கும் பயன்படும்.