இராக் காவல்

பகலில் மனிதனுக்குக் கண்ணும் கையும் காவலாக நிற்கின்றன. இரவில் இவ்விரண்டும் ஓய்ந்து விடுகின்றன. உண்பதும் உழைப்பதும் தன் முயற்சியால் நடைபெறுவன. உறக்கமோ தன்னைப் பிறரிடம் ஒப்படைத்த பின்னரே வருவது. ஆதலின் ஒருவன் யாரை நம்பி வாழ்கின்றான் என்பதை அறிய வேண்டின், அவன் யாரை நம்பிக் கண் மூடுகின்றான் என்று பார்த்தால் போதும்.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை அடுத்துள்ள அச்சன்புதூர் முதலிய ஊர்களில் இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலோடு வரும் மேல்காற்று இரவெல்லாம் கதவை அசைக்கும். தென்னையோலை கூரையில் உராயும். மக்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணியாற்ற, முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் இன்று பல. பகலில் கோயிலில் கவலையின்றிச் சேவிக்கும் மூதாட்டி, இரவில் ஒரு சிறு ஓசைக்கும் எழுந்தமர்ந்து விடியலை எதிர்நோக்குகின்றாள். உத்ஸவத்திற்கு வந்திருக்கும் அன்பர்களிற் பலருக்கும் பூட்டிவிட்டு வந்த வீட்டின் நினைவு நெஞ்சின் ஓரத்தில் இருக்கவே செய்யும். இவ்வச்சத்தைப் பற்றிச் சாஸ்திரங்களும் ஆழ்வாரும் கூறுவன யாவை என்பது ஆராயத்தக்கது.

வேதம் இவ்வச்சத்தை இகழவில்லை. ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தில் உள்ள ராத்ரி ஸூக்தம் இரவையே தேவதையாகக் கொண்டு துதிக்கின்றது. ஓநாயையும் கள்வனையும் விலக்கி அருளுமாறு வேண்டுகின்றது. ஏழாம் மண்டலத்தில் வீட்டைக் காக்கும் வாஸ்தோஷ்பதியைப் போற்றும் ஸூக்தமொன்று, இல்லத்தார் யாவரும், வாயிற்காக்கும் நாயும் உட்பட, அமைதியாக உறங்க வேண்டுகின்றது. பரதத்துவத்தை ஆராய்ந்த ரிஷிகளே கள்வனுக்கு அஞ்சும் இல்லறத்தானுக்காகவும் பிரார்த்தித்தார்கள். எனவே இரவில் அஞ்சுவது பக்திக் குறைவு என்று எவரையும் எள்ளுதல் தகாது.

ஆயினும் மதிலும் வாளும் மட்டுமே உறக்கத்தைத் தந்துவிடா. ஹஸ்தினாபுரத்து அரண்மனையைவிடக் காவல் மிக்க இல்லம் எது? அங்கேயே திருதராஷ்டிரன் உறக்கமின்றி விதுரரை அழைத்தான். மஹாபாரதம் உத்யோக பர்வத்தில் அப்பகுதிக்கு ப்ரஜாகர பர்வம், அதாவது விழித்திருத்தலைக் கூறும் பகுதி, என்றே பெயர். வலியவனால் தாக்கப்பட்டு நிற்கும் எளியவன், பொருளை இழந்தவன், காமத்தால் அலைபவன், திருடன் ஆகியோரையே உறக்கமின்மை பற்றும். இவற்றுள் எது உம்மைப் பற்றியது என்று விதுரர் வினவினார். அரசனுடைய பகை மதிலுக்கு வெளியே இருக்கவில்லை. பிறர் பொருளைக் கவர்ந்த தன் மகனிடத்தும், அதைத் தடுக்காத தன் நெஞ்சிடத்தும் இருந்தது.

இதிலிருந்து இல்லறத்தார் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வெளிக்கதவைத் தாழிட்டபின் உள்ளே இருப்பவரால் அஞ்சி நடுங்கும் பெண்ணோ குழந்தையோ ஒருவர் இருப்பின், அவ்வீடு காவலுள்ள வீடு ஆகாது. குடித்து வந்து இல்லாளை வருத்துபவன் தன் வீட்டிற்குத் தானே கள்வன் ஆகின்றான். 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அத்தகையோர்க்குத் துணை நிற்கின்றது. பொறுத்துக் கிடத்தலே தர்மம் என்று அவர்களுக்கு உபதேசிப்பது தர்மம் அன்று.

உறங்குபவனைத் தாக்குதல் பெரும்பாவம் என்பது நம் நாட்டின் தொன்மையான துணிபு. ஸௌப்திக பர்வத்தில் அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகத் துணிந்தபோது, உறங்குபவரைக் கொல்வதை உலகம் ஒருபோதும் போற்றாது என்று கிருபரே தடுத்துரைத்தார். அவன் கேளாது சென்று திரௌபதியின் புதல்வர் ஐவரையும் மாய்த்தான். அப்பழி இன்றளவும் அவன் பெயரை விட்டு நீங்கவில்லை. இந்நாளைய தண்டனைச் சட்டமும் பகலில் வீடு புகுந்த குற்றத்தினும், சூரியன் மறைந்தபின் உதயத்திற்குள் வீட்டை உடைத்துப் புகுந்த குற்றத்தைக் கடியதாகக் கொள்கின்றது.

இனி, காவலின் உயர்வை ஸ்ரீராமாயணத்தில் காணலாம். வனம் புகுந்த பெருமாள் கங்கைக் கரையில் சிருங்கிபேரத்தில் பிராட்டியோடு தரையில் துயின்றார். இளையபெருமாள் கண் துஞ்சாது நின்றார். நீர் உறங்கும், நாங்கள் காக்கின்றோம் என்று குகன் வேண்டியும் அவர் இசையவில்லை. இளையபெருமாளின் கையில் வில்லைக் கண்டு குகன் அவரையே ஐயுற்று விழித்திருந்தான் என்றும், குகனை ஐயுற்று அவன் பரிவாரத்தார் இருவரையும் நோக்கி விழித்திருந்தனர் என்றும் பூர்வாசார்யர்கள் சுவைபடக் காட்டுவர். ஸர்வலோக ரக்ஷகனுக்கு என்ன தீங்கு நேரும் என்று அறிவு கேட்கும். அன்போ அதைக் கேளாது. காவல் என்பது அன்பின் மறுவடிவம் என்பதே இதன் கருத்து.

அன்பின் இந்நிலைக்குக் கொடுமுடியாக விளங்குபவர், தென்காசிக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார். எம்பெருமானுக்கே பல்லாண்டு பாடிய அவர், தம் திருமொழியின் ஐந்தாம் பத்து இரண்டாம் திருமொழியில் உடலை ஒரு பட்டினமாக உருவகித்தார். நோய்களையும் யமதூதரையும் நோக்கி, இது முன்போன்று காவலற்ற ஊர் அன்று, அகன்று போமின் என்று ஆணையிடுகின்றார். திருவாழி, திருச்சங்கு, வாள், வில், தண்டு ஆகிய ஐந்தையும், எண்டிசைப் பாலகரையும், பெரிய திருவடியையும் விளித்து, உறங்காதிருந்து பள்ளியறையைக் காக்குமாறு வேண்டுகின்றார்.

அப்பள்ளியறை யாருடையது? ஆழ்வார் தம் படுக்கைக்குக் காவல் வேண்டினாரல்லர். திருவனந்தாழ்வானாகிய படுக்கையோடும் பாற்கடலோடும் பிராட்டியோடும் எம்பெருமான் தம் உள்ளே வந்து புகுந்து கண்வளர்கின்றான் என்பதை அடுத்த பாசுரத்தில் அருளுகின்றார். தம் உடலே அவனுடைய பள்ளியறை. ஆதலால் அதற்குக் காவல் தேவை. தனக்கு யார் காவல் என்று நடுங்குபவன், தன்னுள் உறைபவனுக்கு நான் என்ன செய்வேன் என்று எண்ணத் தொடங்கிய கணத்தில் அச்சம் பரிவாக மாறிவிடுகின்றது. உடைமையைக் காப்பது உடையவன் கடன் என்ற உறுதியும் உடன் பிறக்கின்றது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். இலங்கையில் பிரமாஸ்திரத்தால் கட்டுண்ட திருவடியை அரக்கர்கள் கயிற்றாலும் கட்டினர்; மற்றொரு கட்டைப் பொறாத அஸ்திரம் தானே நெகிழ்ந்தது. அதுபோல அவனை நம்பியவன் வீட்டிற்குப் பூட்டும் இடுவது நம்பிக்கையைக் குலைக்காதோ எனின், குலைக்காது. அந்த த்ருஷ்டாந்தம் மோக்ஷத்திற்கு அவனையன்றி வேறு உபாயம் கொள்ளலாகாது என்பதற்குச் சொல்லப்பட்டது. இல்லறக் கடமையைத் துறப்பதற்குச் சொல்லப்பட்டதன்று. எம்பெருமானுடைய கோயிலுக்கே அர்த்தஜாம பூஜைக்குப்பின் திருக்காப்பு இடப்படுகின்றது. ஆண்டாளும் திருப்பாவையில் கோயில் காப்பானையும் வாயில் காப்பானையும் வேண்டியே உள்ளே புகுகின்றாள். அவன் அளித்த வீட்டையும் உயிரையும் கருத்தோடு பேணுதல் கைங்கர்யமே ஆகும்.

அண்டை வீட்டார் துணையும் அத்தகையதே. பாண்டியர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரி கூறப்படுகின்றது. பிற்காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் காவல்காரர் ஊரைக் காத்தனர். களவு போன பொருளை மீட்டுத் தருதல் அல்லது அதற்கு ஈடு செய்தல் அவர்தம் பொறுப்பு. காவல்காரரே ஊரை வருத்திய காலமும் இருந்தது. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்தன. அக்காலத்தையொட்டிப் பாளையக்காரரின் காவல் உரிமையைக் கும்பினியார் நீக்கினர். முறைகள் மாறினும், ஒருவன் உறங்க மற்றொருவன் விழித்திருத்தல் வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

ஆதலின் இல்லறத்தார் செய்யத்தக்கன சில. தனித்திருக்கும் முதியோரை அண்டை வீட்டார் இரவில் ஒருமுறை குரல் கொடுத்து விசாரித்தல் வேண்டும். பல நாள் வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தெரிவித்துச் செல்லலாம்; ஆபத்தில் 112 என்ற எண்ணை அழைக்கலாம். மலையடிவாரத்தில் கட்டுவிரியன் இரவில் வீடு புகுவதுண்டு. அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. தரையில் படுப்பதை விடுத்துக் கட்டிலில் கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையின் கீழ்ச் செருகிப் படுத்தல் நலம். விடியலில் காரணமின்றி வயிற்று வலியோ இமை சரிவோ தோன்றின், மந்திரித்துக் காலங்கழிக்காது உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். குழந்தைகளுக்குப் படுக்கும் வேளையில் பேய்க்கதை கூறாது, பெருமாள் கதை கூறுக.

இவையெல்லாம் முடிந்தபின் எஞ்சுவது ஒன்றே. உண்ணும்போது ஜனார்த்தனனையும், படுக்கும்போது பத்மநாபனையும், தீக்கனாக் கண்டால் கோவிந்தனையும் நினைக்க என்பது பெரியோர் காட்டிய நியமம். பத்மநாபன் தானும் பள்ளி கொண்டவன். ஆனால் அவன் உறக்கம் உலகை மறந்த உறக்கம் அன்று, உலகைக் காக்கும் யோக நித்திரை. அச்சன் என்ற சொல்லுக்குத் தந்தை என்பது பொருள். ஊர்ப்பெயர் வந்த வரலாறு எதுவாயினும், தந்தை வீட்டில் இருக்கும் இரவில் குழந்தை அஞ்சுவதில்லை என்பதை அனைவரும் அறிவர். தாழிட்டு, விளக்கைத் தணித்து, அண்டை வீட்டாரை ஒருமுறை விசாரித்து, அப்பரம தந்தையின் திருநாமத்தைச் சொல்லிப் படுப்பவருக்கு இரவு அன்னையின் மடியாகும்.

மங்களம்.