எழ இயலா உயிர்க்கு இல்லத்திலே சிகிச்சை

சிராவகர்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது அகிம்சை. அவ்விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாகத் தொகுத்துரைக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். காட்டில் திரியும் விலங்கிற்கு இக்குற்றங்களை இழைக்க வாய்ப்பு அரிது. தன் இல்லத்தில் விலங்கை வைத்து வளர்ப்பவனுக்கே இவை பெரிதும் பொருந்துகின்றன. உயிரைக் கொல்லாதிருக்கும்போதே அகிம்சை விரதம் மாசுபடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

உழவுத் தொழிலை மேற்கொண்டிருந்த நம் முன்னோர் இவ்விதிகளை எருதையும் பசுவையும் வைத்து உணர்ந்தனர். இன்று நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் நாயும் பூனையும் வளர்கின்றன. அவற்றுள் ஒன்று முதுமையாலோ, வாகனத்தில் அடிபட்டோ, முதுகெலும்பு நோயாலோ பின்னங்கால்களின் வலிமையை இழந்து எழ இயலாமற் போனால், இல்லறத்தார் செய்யவேண்டுவது யாது? இதுவே இப்பாடத்தில் நாம் ஆராயும் பொருள்.

இத்தகைய நிலையில் ஊசி போட்டு அவ்வுயிரை முடித்துவிடலாம் எனச் சிலர் அறிவுரை கூறுவர். விரதம் ஏற்ற குடும்பம் அதற்கு இசைவதில்லை. ஆனால் அதன் பின் நிகழ்வது என்ன? பின்கட்டில் ஒரு கோணிச்சாக்கின்மேல் அவ்வுயிர் கிடத்தப்படுகிறது. வேளைக்கு உணவு வைக்கப்படுகிறது. சில வாரங்களில் இடுப்பெலும்பின்மேல் புண் தோன்றுகிறது, மூட்டுகள் இறுகுகின்றன, தன் சிறுநீரிலேயே அது கிடக்கிறது. கொல்லவில்லை என்ற நிறைவோடு நாம் இருக்க, அவ்வுயிரோ நாள்தோறும் வருந்துகிறது. கொல்லாமை அகிம்சையின் ஒரு பாதியே. மறுபாதி நம் கைகளால் செய்யவேண்டிய பணி. அப்பணியைச் செய்யும் முறை இன்று நன்கு ஆராயப்பட்ட மருத்துவத் துறையாகவே வளர்ந்துள்ளது. விலங்குகளுக்கான மறுவாழ்வு மருத்துவத்தை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2010ஆம் ஆண்டில் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றுக்கொண்டது. அத்துறையினர் கூறும் பயிற்சிகளுள் பல, இல்லத்திலேயே, நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்யத்தக்கவை.

1. முதலில் நோயறிதல்

எந்தப் பயிற்சியையும் கால்நடை மருத்துவரின் சோதனைக்கு முன் தொடங்கலாகாது. முதுகெலும்பு முறிந்திருக்கும் நாயின் காலை நாம் நன்மை கருதி அசைப்பதே தண்டுவடத்தை நிலையாகச் சிதைத்துவிடக்கூடும். அடிபட்ட விலங்கை அகன்ற பலகையின்மேல் அசையாது கிடத்தி எடுத்துச் செல்லவேண்டும். அது வலியால் கடிக்கக்கூடும் ஆதலின், மூச்சு முட்டாத வகையில் வாயை மென்துணியால் கட்டுதல் நலம். வாந்தி எடுப்பதாயினும், மூச்சுவிட வருந்துவதாயினும் வாயைக் கட்டலாகாது. கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாடி வெறிநோய்த் தடுப்பூசி பெறவேண்டும்.

மருத்துவர் விரலிடுக்கை அழுத்திக் காட்டும் சோதனையை நாமும் கூர்ந்து காணவேண்டும். கால் பின்னோக்கி இழுபடுவது மட்டும் உணர்வுக்குச் சான்றாகாது. அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ, முனகினாலோ, வலி மூளையை எட்டியது என்பது தெளிவு. டாக்ஸ்ஹண்ட் போன்ற நீண்ட முதுகுடைய இனங்களில் முதுகெலும்பு வட்டு பிதுங்குவதால் கால்கள் செயலிழப்பது மிகுதி. அந்நோயில் இவ்வுணர்வு எஞ்சியிருக்கும் நாய்களுள் பெரும்பாலானவை உரிய சிகிச்சையால் மீண்டும் நடக்கின்றன. உணர்வு அற்றுப்போயிருப்பின் காலம் தாழ்த்தல் கூடாது. அறுவை சிகிச்சை பற்றி அன்றே முடிவு செய்யவேண்டும்.

சென்னை வேப்பேரியில் இயங்கும், 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், மாவட்டங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைகளும் இத்தகைய சோதனைக்கு நாம் அணுகத்தக்கவை.

2. ஓய்வும் படுக்கையும்

அறுவையின்றி மருந்தாலும் ஓய்வாலும் வட்டு நோயைக் குணப்படுத்த முயலும்போது, நான்கு வாரமேனும் சிறிய அடைப்பிற்குள் நாயை வைத்திருக்குமாறு மருத்துவர் கூறுவர். இது கட்டிவைத்தல் என்னும் அதிசாரம் ஆகாதோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். கவனமின்மையோடும் கஷாயத்தோடும் கூடி ஓர் உயிர்க்குத் துன்பம் விளைத்தலே இம்சை என்று நூல்கள் வரையறுக்கின்றன. எலும்பு முறிந்த குழந்தையின் காலுக்குக் கட்டுப் போடும் தாய் இம்சை செய்தவள் ஆகாள். அதுபோல, நலம் கருதி, கால எல்லை வகுத்து, அருகிருந்து பேணிச் செய்யும் அடைப்பு குற்றமன்று. காலக்கெடு முடிந்த பின்னரும் நம் வசதிக்காக அதனைத் தொடர்வதே குற்றம்.

படுக்கை நான்கு விரற்கடைக்குக் குறையாத தடிமன் உடையதாக இருக்கவேண்டும். அதன்மேல் நீர் ஊடுருவாத உறையும், அதன்மேல் பழைய பருத்திச் சேலை மடிப்பும் இடலாம். நாளும் துணியை மாற்றித் துவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும். தானே புரள இயலாத விலங்கை, இரவும் பகலும் 2 முதல் 4 மணிக்கு ஒருமுறை மறுபுறம் திருப்பிக் கிடத்தவேண்டும். இடுப்பு, தோள், முழங்கை ஆகிய இடங்களை நாள்தோறும் மயிரை விலக்கிப் பார்த்தல் வேண்டும். தோல் சிவந்திருப்பதே படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி. அந்நிலையில் தடுப்பது எளிது. புண் ஆழமான பின் ஆற்றுவது அரிது.

3. சிறுநீர் கழிப்பித்தல்

பின்னங்கால்களோடு சிறுநீர்ப்பையும் செயலிழந்திருக்கக்கூடும். நாயின் அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு அது இயல்பாகச் சிறுநீர் கழிக்கிறது எனக் கருதுதல் பெரும் பிழை. நிரம்பிய பை வழிவதும் அவ்வாறே தோன்றும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை வயிற்றின் பின்பகுதியை இரு கைகளாலும் மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றவேண்டும். இதனை மருத்துவரிடம் நேரில் கற்றே செய்யவேண்டும்; மிகையான அழுத்தம் பையைச் சிதைத்துவிடும். சிறுநீர் கலங்கியோ, குருதி கலந்தோ, கடும் நாற்றத்தோடோ வந்தால் தொற்று உண்டென அறிந்து மருத்துவரிடம் காட்டவேண்டும்.

4. மூட்டுகளை இயக்குதல்

மருத்துவர் இசைவு அளித்த பின் இப்பயிற்சி தொடங்கும். நலிந்த கால் மேலே இருக்குமாறு நாயை ஒருக்களித்துக் கிடத்துக. முதலில் ஐந்து நிமிடம் உள்ளங்கையால் காலை மெல்ல நீவி விடுக. பின்னர் விரல்கள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்னும் வரிசையில் ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டுக. ஒரு கை மூட்டிற்கு மேலும், மற்றொரு கை கீழும் தாங்கியிருக்கவேண்டும். ஒவ்வொரு மூட்டிற்கும் 10 முதல் 15 முறை, நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை போதும். மூட்டு தடுக்கும் எல்லையைத் தாண்டி வலிந்து மடக்கலாகாது.

இப்பயிற்சி மூட்டு இறுகாமல் காக்கும், தசையை வளர்க்காது. தசை வளர விலங்கு தானே முயலவேண்டும். ஆதலின் இதனோடு நின்றுவிடலாகாது.

அறுவை அல்லது அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில், பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வீக்கம் தணியும். நாட்பட்ட மூட்டு இறுக்கத்திற்கு வெந்நீர் ஒற்றடம் ஏற்றது. உணர்வற்ற தோல் சூட்டை அறியாது. ஆகவே ஒற்றடத் துணியை முதலில் நம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தல் கட்டாயம்.

5. நிற்கவும் நடக்கவும் பழக்குதல்

நீண்ட துண்டு ஒன்றைப் பின்னங்கால்களுக்கு முன்னே வயிற்றின் அடியில் கொடுத்து, இரு முனைகளையும் முதுகின்மேல் சேர்த்துப் பிடித்துத் தூக்குக. உள்ளங்கால்கள் தரையில் செவ்வையாகப் பதியுமாறு வைத்து, சில நொடிகள் நிற்கவிடுக. வலிமை கூடக் கூட, துண்டின் தாங்கலைச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். நிற்கத் தொடங்கிய பின் இடுப்பை இடமும் வலமும் இலேசாக அசைத்தால், விழாமலிருக்க அது தன் தசைகளை இயக்கும். அதன் பின் அமரவைத்து எழச்செய்தல்; அதன் பின் தரையில் நான்கைந்து மூங்கிற்கழிகளை இடைவெளி விட்டுக் கிடத்தி, அவற்றைத் தாண்டி நடக்கச் செய்தல்.

வழுவழுப்பான தரை இதற்குப் பெரும் பகை. நடக்கும் வழியில் இரப்பர் விரிப்பு இடுக. நகங்களையும், உள்ளங்கால் மெத்தைகளுக்கிடையே வளரும் மயிரையும் கத்தரித்து வருக.

நீரில் நிற்பித்தலும் பயனுடையது. நீர் உடலைத் தாங்குதலால் கால்மேல் விழும் பாரம் குறைகிறது. கணுக்கால் அளவு நீரில் நாய் தன் எடையில் ஏறத்தாழ 91 விழுக்காட்டையும், முழங்கால் அளவில் 85 விழுக்காட்டையும், இடுப்பளவில் 38 விழுக்காட்டையும் மட்டுமே தாங்குவதாக ஆய்ந்து கண்டுள்ளனர். அகன்ற தொட்டியில் வடிகட்டிய வெதுவெதுப்பான நீர் நிரப்பி, நாம் உடனிருந்து பிடித்தபடி நிற்கச் செய்யலாம். புண்ணோ ஆறாத தையலோ இருப்பின் நீர் கூடாது.

மூச்சிரைத்தல், நடுங்குதல், உதட்டை அடிக்கடி நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை களைப்பையோ வலியையோ காட்டும் வாயில்லா மொழிகள். அவை தோன்றியவுடன் நிறுத்துக. மறுநாள் நொண்டல் மிகுந்தால் பயிற்சியைப் பாதியாகக் குறைத்திடுக. விரைவில் குணமாகவேண்டும் என்னும் நம் ஆவலால் அளவுக்கு மேல் பயிற்றுவதும் மிகுபாரம் ஏற்றுதலே ஆகும்.

6. உணவும் மருந்தும்

உணவு தடுத்தல் குற்றம் என அறிந்த நாம், அன்பின் மிகுதியால் எதிர்ப்புறம் சாய்ந்து அளவின்றி ஊட்டுகிறோம். உடற்பருமன் நலிந்த மூட்டின்மேல் ஏற்றப்படும் பாரம். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். மற்றவற்றின் ஆயுள் 11.2 ஆண்டுகள். குறைவாக உண்டவற்றிற்கு மூட்டுவாதமும் காலம் தாழ்ந்தே துன்பம் தந்தது. விலாவெலும்புகள் கண்ணுக்குத் துருத்தாமல், தடவினால் கைக்குத் தட்டுப்படுவதே நல்லுடலின் அளவு. நீரை மட்டும் எப்போதும் எட்டும் இடத்தில் வைத்திருக்கவேண்டும்.

மனிதர்க்குரிய வலி மாத்திரையை நாமே கொடுப்பது பேராபத்து. பாரசிட்டமால் பூனைக்கு உயிர் போக்கும் நஞ்சு. ஐபுபுரூபன் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் தரும் மருந்தையும் அவர் கூறும் அளவையும் மாற்றலாகாது.

7. பொறுமையும் பங்கீடும்

இச்சிகிச்சை நாள்கணக்கில் முடிவதன்று. சிதைந்த புற நரம்பு, வளர வாய்ப்புள்ள இடத்திலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளர்கிறது. ஒரு சாண் தொலைவு வளர ஏழு மாதத்திற்கு மேலாகும். இவ்வளவு காலத்திற்கு முழுப்பணியையும் இல்லத்துப் பெண்மணி ஒருவர்மேலேயே சுமத்துதல் முறையன்று. அதுவும் மிகுபாரம் ஏற்றுதலேயன்றோ! காலையில் தந்தை சிறுநீர் கழிப்பிக்கட்டும். மாலையில் பிள்ளைகள் பெரியோர் அருகிருக்க மூட்டுகளை மடக்கி நீட்டட்டும். இரவில் திருப்பிக் கிடத்துவதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். ஒரு குறிப்பேட்டில் நாள், பயிற்சி, நின்ற நொடிகள், சிறுநீர் கழித்த வேளை ஆகியவற்றை எழுதிவைத்தல் நலம். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அக்குறிப்பேட்டில் தெரியும். மருத்துவருக்கும் அது துணையாகும்.

எல்லா உயிர்களும் மீண்டும் நடப்பதில்லை. சிலவற்றிற்குப் பின்னங்கால்களைத் தாங்கும் சக்கரவண்டியே இறுதி வரை துணையாகும். வேறு சிலவற்றிற்கு அதுவும் இயலாமற் போகும். அப்போதும் நம் பணி வீணாகாது. புண்ணின்றி, வலி தணிந்து, தூய படுக்கையில், தன்னை வளர்த்தோரின் கை தன்மேல் இருக்க, தன் ஆயுட்கர்மம் முடியும் வரை வாழ்வது அவ்வுயிர் நம்மிடம் பெறவேண்டிய உரிமை.

தில்லி சாந்தினி சௌக்கில், திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில், அடிபட்ட பறவைகளுக்கு மருத்துவமனை நடைபெறுவதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அங்கு நிகழும் ஜீவதயை நம் இல்லத்தின் பின்கட்டிலும் நிகழவேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு துண்டு, ஒரு தடித்த படுக்கை, வேளை தவறாத கைகள் ஆகியனவே முதற்கண் வேண்டுவன. உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ எழ இயலாது கிடக்கும் உயிர் ஒன்று இருப்பின், இன்றே அதன் இடுப்பெலும்பின்மேல் மயிரை விலக்கித் தோலைப் பாருங்கள். பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.