மரச் செங்கோல் ஏந்திய இராக்கினி

இராக்கினி என்றதும் பொன்முடியும் இரத்தின மாலையும் நம் மனக்கண்முன் வரும். ஆனால் 1887-ல், போலந்து தேசத்துக் கிராக்கோவ் நகரின் வாவெல் பேராலயத்தில் ஓர் இராக்கினியின் கல்லறையைத் திறந்தவர்கள் கண்டது மரத்தாலான செங்கோலையே. பொன் எங்கே போயிற்று?

அவர் பெயர் யாத்விகா. ஹங்கேரியையும் போலந்தையும் ஆண்ட லூயி அரசரின் குமாரத்தி. 1384-ல், ஏறக்குறைய 10 வயதில், போலந்தின் அரசராக முடிசூட்டப்பட்டார். குழந்தைப் பருவத்திலேயே ஆஸ்திரிய இளவரசர் வில்லியமுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். பிரபுக்களோ லித்துவேனியா அதிபதி யோகைலாவை மணக்கவேண்டும் என்றார்கள். அஞ்ஞானியான அவர், தாமும் தம் சனங்களும் ஞானஸ்நானம் பெறுவதாக வாக்களித்திருந்தார். 1386-ல் விவாகம் நடந்தது. மறு வருடமே லித்துவேனியாவில் வேதம் பரவத் தொடங்கியது.

சிறுமியை மணமுடித்துக் கொடுத்த அக்கால வழக்கம் நமக்கு முன்மாதிரியல்ல. தம்மீது சுமத்தப்பட்ட பாரத்தை அவர் சுமந்த விதமே நமக்குப் பாடம்.

புது விசுவாசிகளுக்குக் கற்பிக்கக் குருக்கள் வேண்டுமே! 1364-ல் கசிமிர் அரசர் ஸ்தாபித்த கிராக்கோவ் சர்வகலாசாலை, அவர் மரணத்துக்குப்பின் நலிந்து கிடந்தது. யாத்விகாவின் முயற்சியால் 1397-ல் அங்கே வேதசாஸ்திரப் பிரிவுக்குப் பாப்பரசர் 9-ம் போனிபாஸ் அனுமதி தந்தார். இராக்கினி தம் நகைகளைச் சர்வகலாசாலைக்கு எழுதிவைத்தார். பொன் போன இடம் அதுதான்!

1399 ஜூன் 22-ல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜூலை 13-ல் குழந்தை இறந்தது. 17-ல் தாயும் கண்மூடினார். வயது சுமார் 25. மறு வருடம், 1400-ல், சர்வகலாசாலை புத்துயிர் பெற்றது. வானசாஸ்திரி கோப்பர்நிக்கஸ் அங்கே பயின்றார். பிற்காலத்தில் அங்கே பயின்ற மற்றொரு மாணவர் பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பராகி, 1997 ஜூன் 8-ல் அதே கிராக்கோவ் நகரில் யாத்விகாவை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார்.

பெற்றோரே! நகை பெட்டியில் கிடக்க, பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, படிப்பை நிறுத்தி வீட்டில் நிற்கிறதா? அடுத்த வீட்டு ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்க வழியில்லையா? யாத்விகாவிடமிருந்த பொன் அவர் கல்லறைக்குள் போகவில்லை. அறுநூறு வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு அறிவாகப் பயன்படுகிறது. நம் வீட்டுப் பொன் எங்கே போகப்போகிறது? இந்த வாரம் குடும்ப செபத்துக்குப்பின் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இதைப் பேசுங்கள்.