வெள்ளாற்றங்கரையில் இரவு தங்க

புதுக்கோட்டை மாவட்டத்தின் குறுக்கே ஓடி பாக் விரிகுடாவில் கலக்கும் தெற்கு வெள்ளாறு மழையை நம்பிய ஆறு. கூடாரம் போட ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், அங்கே தங்கவே கூடாது. மேற்கே பெய்யும் மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். மற்ற மாதங்களிலும் மணற்படுகையை விட்டு மேட்டுக்கரையில்தான் படுக்க வேண்டும். ஊராரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்பே கேட்டுக்கொள்வது முறை.

அடுப்பெரிக்க, கீழே விழுந்து காய்ந்த சீமைக் கருவேலச் சுள்ளி போதும். அய்யனார் கோயில் காடுகளில் ஒரு குச்சிகூடப் பொறுக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டால்தான் அக்காடுகள் இன்னும் நிற்கின்றன. நெருப்பை மணல் போட்டு மூடினால் தணல் உள்ளேயே கனன்று, மறுநாள் மிதிப்பவர் காலைச் சுடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்தே கிளம்ப வேண்டும்.

மலம் கழிக்க, நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். ஆற்றிலும் ஊருணியிலும் சோப்பு ஆகாது. குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

கட்டுவிரியன் இரவில், தூங்குபவரையே பெரும்பாலும் கடிக்கும், வலிகூடத் தெரியாது. வெறுந்தரையில் படுக்காமல் கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூட வேண்டும். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.

குப்பை முழுவதும் கொண்டுவந்த பையிலேயே திரும்ப வேண்டும்.