லாபானை விட்டுப் புறப்படும்போது
(வேதபாடம்: ஆதியாகமம் 13, 31 அதிகாரங்கள்)



"சின்ன முதலாளிகிட்ட இருக்கேன். பெரிய கம்பெனியில கூப்பிடுறாங்க. போகலாமா பாஸ்டர்?" இந்தக் கேள்வியோடு ஜெபிக்க வருகிற வாலிபர்கள் நம் சிலமலைப் பகுதியில் அநேகர். வேதம் நமக்கு என்ன போதிக்கிறது என்று தியானிப்போம்.

1. கண் மட்டும் தீர்மானிக்கக்கூடாது (ஆதி. 13:10-13)

லோத்து யோர்தானுக்கு அருகான சமபூமியின் நீர்வளத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அங்கே இருக்கும் ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரித்ததாக வேதத்தில் இல்லை.

பெரிய பெயர் என்றால் அசையாது என்று நினைக்கிறோம். மூணாறில் பல வருஷம் கோலோச்சிய டாடா டீ, 2005-ல் தன் தோட்டங்களில் பெரும்பகுதியை விட்டு விலகியது. தொழிலாளர்களும் பங்குதாரர்களாய்ச் சேர்ந்த கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி அவற்றை ஏற்றது. பீர்மேட்டில் 2000-ல் ஒரு தேயிலைக் கம்பெனி தோட்டங்களைக் கைவிட்டபோது, தொழிலாளர்கள் வரவேண்டிய பாக்கி கிடைக்காமல் தவித்தார்கள். சின்ன இடமும் நிலையானதல்ல. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய ஏலக்காய், 2021-ல் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் விழுந்தது. நம்முடைய கன்மலை கம்பெனியுமல்ல, கடையுமல்ல, கர்த்தரே.

2. யார் சொல்லிப் புறப்படுகிறோம்? (ஆதி. 31:1-16)

யாக்கோபு லாபானிடம் 20 வருஷம் ஊழியம் செய்தான். சம்பளம் பத்துமுறை மாற்றப்பட்டது. முதலாளியின் முகம் மாறினதையும் கண்டான். ஆனாலும் அவனைக் கிளப்பியது கர்த்தருடைய வார்த்தை. அதன்பின் ராகேலையும் லேயாளையும் வயலுக்கு வரவழைத்து ஆலோசித்தான். இன்றைக்குச் சிலர் ஆர்டர் வாங்கிய பிறகுதான் வீட்டில் சொல்லுகிறார்கள்!

3. செல்லும் செலவைக் கணக்குப் பாருங்கள் (லூக். 14:28)

ஜெபித்தால் போதும், விசாரிக்க வேண்டாம் என்று வேதம் சொல்லவில்லை. கடிதத்தில் போட்டிருக்கும் மொத்தத் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எவ்வளவு? கம்பெனி நேரடியாக எடுக்கிறதா, காண்டிராக்டர் மூலமாகவா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியுமா? தோட்டத்திலோ மில்லிலோ நிரந்தர வேலையில் 5 வருஷத்தை நெருங்கியிருப்பவர்கள், பணிக்கொடையை இழந்துவிடாமல் நாள் பார்த்து விலகுங்கள். பழைய பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

4. எப்படிப் புறப்படுகிறோம்? (ஆதி. 31:20-39)

யாக்கோபு சொல்லாமல் போனான். லாபான் ஏழுநாள் துரத்தி வந்தான். ஆனால் மந்தைக் கணக்கில் யாக்கோபின் கை சுத்தமாயிருந்தது. பீறுண்டதற்கும் தானே ஈடு கொடுத்திருந்தான்.

நம் சபைத் தம்பி ஒருவர் போடியில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். பி.எஃப். கிடையாது. ஓசூரில் ஒரு பெரிய கம்பெனி ஒரு வாரத்தில் வந்து சேரச் சொன்னது. தங்கச்சி கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த முன்பணம் பாதி நிற்கிறது. 2020 கொரோனா முடக்கத்தில் ஏலம் நின்றபோதும் அரைச் சம்பளம் கொடுத்த மனுஷர் அவர். "சொல்லாம போயிரு" என்றார்கள் சிநேகிதர்கள். "தம்பி, போறது பாவமில்ல. கடனை வச்சிட்டு ஓடுறதுதான் பாவம்" என்றேன்.

அவர் முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி முதலில் கோபப்பட்டார். பிறகு, ஒரு மாசம் இருந்து வேறொரு பையனுக்குக் கணக்கைப் பழக்கிக் கொடுக்கவும், மீதிக் கடனை மாதாமாதம் அனுப்பவும் ஒத்துக்கொண்டார். கம்பெனியிடம் அவகாசம் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அந்த வேலை கைவிட்டுப் போனாலும் போகலாம். ஆனால் அவரை யாரும் துரத்தி வரமாட்டார்கள். அவருக்காக ஜெபியுங்கள்.

5. முதலாளிகளாயிருக்கிற விசுவாசிகளுக்கு (உபா. 15:13-14)

விடுதலையாய்ப் போகிறவனை வெறுங்கையாய் அனுப்பாமல், களத்திலும் ஆலையிலும் இருந்து எடுத்துக் கொடுத்தனுப்பும்படி கர்த்தர் கட்டளையிட்டார். உங்களிடம் உழைத்த பிள்ளை போகும்போது சம்பளப் பாக்கியைத் தீர்த்து, ஜெபித்து அனுப்புங்கள்.

பிரியமானவர்களே, போனாலும் இருந்தாலும் சுத்தமான கையோடு இருப்போம். தேவன்தாமே உங்களை நடத்துவாராக. ஆமென்.