கம்பெனி கொழித்தால் நாடு கொழிக்குமா?

காலாண்டு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் சென்னை லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்களிடம் ஒரே பேச்சுதான். "கம்பெனிகளுக்கு லாபம் கொட்டுது சார், இனி நாட்டுக்கு ஒரு குறையும் இல்லை." கூட நடப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அடையாறிலும் இதையே சொல்கிறார்கள், சபா கேன்டீனிலும் இதையே சொல்கிறார்கள். எல்லோரும் படித்தவர்கள், பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதே என் தொழில். இந்த நம்பிக்கையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

2020-21ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா முடக்கத்தில் நாட்டின் உள்நாட்டு உற்பத்தி 5.8 சதவீதம் சுருங்கியது. வேலை போன தொழிலாளர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அதே ஆண்டில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் மொத்த லாபம் ஏறியது. விற்பனை படுத்த ஆண்டில் லாபம் எங்கிருந்து வந்தது? மூலப்பொருள் மலிந்தது, வட்டி குறைந்தது, பல இடங்களில் சம்பளத்தையும் ஆட்களையும் குறைத்தார்கள்.

லாப நட்டக் கணக்கில் 'ஊழியர் செலவு' என்று ஒரு வரி உண்டு. அதில் ஒரு கோடியைக் குறைத்தால் வரிக்கு முந்தைய லாபம் ஒரு கோடி கூடும். பங்குதாரர் மகிழ்வார். நாட்டுக் கணக்கில் அந்த ஒரு கோடி புதிதாக முளைக்கவில்லை. தேசிய வருமானத்தில் கூலியும் சேரும், லாபமும் சேரும். ஒருவர் பையில் இருந்த பணம் இன்னொருவர் பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். லாபம் கூடியது என்று சொல்கிறவர், அது எப்படிக் கூடியது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?

"வரியைக் குறைத்தால் முதலீடு வரும், வேலை பெருகும்" என்பது அடுத்த பாட்டு. 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 ஆனது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அன்று சென்செக்ஸ் 1,900 புள்ளிகளுக்கு மேல் எகிறியது. பிறகு நடந்ததை 2024 ஜூலையில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. 33,000க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் மூன்றே ஆண்டுகளில் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது; ஆள் சேர்ப்பும் சம்பளமும் அந்த வேகத்தில் வரவில்லை. எழுதியது தொழிற்சங்கம் அல்ல, தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரனின் அலுவலகம். அடுத்த ஆய்வறிக்கை இன்னும் பச்சையாகச் சொன்னது: 2023-24இல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் ஏறியது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்.

பொறுத்திருந்தால் முதலீடு வரும் என்பவர்கள் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நடந்து பார்க்கட்டும். தாம்பரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மின்சார ரயிலில் வந்து துணியும் பாத்திரமும் வாங்குகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்களும் தினக்கூலிகளும்தான். அவர்கள் கையில் பணம் இல்லையென்றால் எந்த முதலாளி இன்னொரு மாடி கட்டுவார்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கம்பெனிகள் கட்டும் வரியில்தான் நாடு ஓடுகிறது என்பது பொய். 2023-24இல் நிகர நிறுவன வரி ஏறக்குறைய 9.1 லட்சம் கோடி; தனிநபர் வருமான வரி 10.4 லட்சம் கோடி. சென்செக்ஸ்தான் பொருளாதாரம் என்கிறார்கள். அதில் இருப்பது 30 கம்பெனிகள். லாபமே பாவம் என்பதும் பிதற்றல். 1906இல், மக்களின் வைப்புப் பணத்தை வாங்கி வைத்திருந்த ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது இந்த ஊர்க் குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது. அதைப் பார்த்துத்தான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். நட்டத்தில் ஓடும் கம்பெனி யாருக்கும் சோறு போடாது.

நான் விடாமல் கேட்டுவருவது ஒன்று உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 197(12)இன்படி, பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் இடைநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும். எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நட்டநடுவே நிற்பவர்தான் இடைநிலை ஊழியர். தி. நகரின் பெரிய ஜவுளிக்கடைகள் பங்குச்சந்தைக்கு வராத தனியார் கம்பெனிகளாக இருந்தால் இந்த விதி அவற்றைத் தொடாது. நாள் முழுக்க நின்றுகொண்டு புடவையைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றே 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அவள் சம்பளம் எவ்வளவு என்று எந்த அறிக்கையிலும் கிடையாது. குறிப்பிட்ட விற்பனைக்கு மேல் போகும் எல்லாக் கம்பெனிகளுக்கும் இந்த ஊதிய விகித விதியை நீட்ட வேண்டும். பூங்கா நண்பர்களே, உங்களில் பலர் பங்குதாரர்கள். ஆண்டறிக்கை வந்ததும் இயக்குநர் அறிக்கையின் இணைப்பில் அந்த விகிதத்தைத் தேடுங்கள். போன வருடத்தைவிட ஏறியிருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெயர் கொடுத்து, ஏன் என்று கேளுங்கள்.